நகோயா ஸ்டேஷன் பக்கத்தில் பிசினஸ் ஹோட்டல்: அறை எடுப்பதிலிருந்து காலி செய்வது வரை

ஜப்பானில் டொயோட்டா நகரத்துக்கோ காரியாவுக்கோ வேலையாக வருகிறவர்கள், டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓரிரு நாள் தங்குகிறவர்கள் என்று பலருக்கும் நகோயா ஸ்டேஷனை ஒட்டிய பிசினஸ் ஹோட்டல்தான் வசதி. அறை 11 முதல் 15 சதுர மீட்டருக்குள் இருக்கும். கட்டில், ஒடுக்கமான மேசை, சின்ன ஃப்ரிட்ஜ், குளியலறை, அவ்வளவுதான். பல் துலக்கும் பிரஷ், அயர்ன் பாக்ஸ், மைக்ரோவேவ், வாஷிங் மெஷின் எல்லாம் லாபியிலும் நடைபாதையிலும் இருக்கும். அறைக்குள் மட்டும் தேடிவிட்டு "ஒன்றுமே இல்லையே" என்று நினைக்க வேண்டாம். லிஃப்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை முதல் நாளே ஒரு முறை படித்துவிட்டால் எந்த மாடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

புக் செய்வதற்கு முன்

முதலில் ஸ்டேஷனின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நகோயா ஸ்டேஷனுக்கு இரண்டு முக்கிய வாசல்கள். கிழக்கே சகுராதோரி வாசல். அங்கே தங்கக் கடிகாரம் நிற்கும். மேற்கே தைகோதோரி வாசல். அங்கே வெள்ளிக் கடிகாரம். ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் வருகிறவர்களுக்குத் தைகோதோரி பக்கம்தான் கிட்டம், சிக்கன விலை ஹோட்டல்களும் அங்கே நிறைய. விமான நிலையத்திலிருந்து மெய்தெட்சு ரயிலில் வந்தால் (மியூ-ஸ்கை என்றால் சுமார் 28 நிமிடம், எல்லா சீட்டும் ரிசர்வ்) கிழக்குப் பக்கம் வந்து இறங்குவீர்கள். மேற்கே போக ஜேஆர் ஸ்டேஷனின் நடுக்கூடத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். மாலை ஆறு மணிக் கூட்டத்தில் இரண்டு பெரிய பெட்டிகளோடு அது சுலபமில்லை. "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்" என்று ஹோட்டல் போட்டிருந்தால், எந்த வாசலிலிருந்து என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த 5 நிமிடம் கையில் சுமை இல்லாதவரின் நடை.

ஆள் எண்ணிக்கையைச் சரியாகக் கொடுங்கள். ஜப்பானில் பல ஹோட்டல்கள் அறைக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை, தலைக்கு இவ்வளவு என்று வாங்குகின்றன. ஒருவர் என்று புக் செய்துவிட்டு இருவராகப் போய் நின்றால் கூடுதல் பணம் கேட்பார்கள். அறை அளவு ஒத்துவராவிட்டால் அனுமதிக்கவே மாட்டார்கள். பெற்றோரின் கட்டிலிலேயே படுக்கும் சின்னக் குழந்தைகளுக்குப் பல இடங்களில் கட்டணம் இல்லை. வயது வரம்பு ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறுவதால், குழந்தையையும் படிவத்தில் சேர்த்தே எழுதுங்கள்.

கட்டிலின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், சென்டிமீட்டரைப் பாருங்கள். "செமி டபுள்" என்பது பெரும்பாலும் 120 சென்டிமீட்டர் அகலம். ஒருவருக்குத் தாராளம். இருவருக்கு என்று விற்பதும் அதையேதான், ஆனால் இருவர் படுத்தால் யாரும் தூங்க முடியாது. தனித்தனிக் கட்டில் வேண்டுமென்றால் "ட்வின்". சிகரெட் வாடை ஒத்துக்கொள்ளாதவர்கள் "கின்-என்", அதாவது புகை பிடிக்காத அறை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். புகை அறையில் திரைச்சீலையிலும் கம்பளத்திலும் வாடை ஊறியிருக்கும், ஸ்ப்ரே அடித்தாலும் போகாது.

விலை சனிக்கிழமை இரவு ஏறும், ஞாயிறு இரவு பொதுவாக இறங்கும். ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரையிலான விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை வணங்கும் ஓபோன் ஆகிய நாட்களில் வரவேண்டியிருந்தால் நன்கு முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

கம்பெனியில் பில் கொடுக்க வேண்டியவர்கள் பலர் மாட்டிக்கொள்வது ரசீதில். வெப்சைட்டிலேயே கார்டில் பணம் கட்டியிருந்தால் பெரும்பாலும் ஹோட்டல் ரசீது தராது. பணம் வாங்கிய வெப்சைட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஹோட்டலில் நேரில் கட்டினால் "ரியோஷூஷோ" என்று கேளுங்கள். மேலே யார் பெயர் போட வேண்டும் என்பார்கள். கம்பெனிப் பெயரைத் தாளில் எழுதிக் காட்டினால் பிழை வராது. ஜப்பான் கம்பெனியிடம் பணம் திரும்ப வாங்குவதாக இருந்தால், 2023 அக்டோபரில் வந்த வரி விதிப்படி ரசீதில் T என்ற ஆங்கில எழுத்தும் 13 இலக்கமும் கொண்ட பதிவு எண் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

போய்ச் சேர்ந்ததும்

செக்-இன் 3 அல்லது 4 மணிக்கு. ஒரு நிமிடம் முன்னால்கூட அறை தராத ஹோட்டல்கள் உண்டு. ஆனால் காலை 9 மணிக்கே போனாலும் பெட்டியை இலவசமாக வைத்துக்கொள்வார்கள். ஸ்டேஷன் லாக்கருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. பெட்டியில் மாட்டும் எண் சீட்டின் மறுபாதியைத் தருவார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள்.

ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரின் நாட்டையும் பாஸ்போர்ட் எண்ணையும் பதிவு செய்வது சட்டப்படி ஹோட்டலின் கடமை, அதற்காகப் பாஸ்போர்ட்டைப் பார்த்து நகல் எடுப்பார்கள். அறையில் தங்கும் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் வேண்டும். எனவே கைப்பையிலேயே வைத்திருங்கள், பெட்டிக்கு அடியில் வேண்டாம். புக் செய்தபோது சொன்ன நேரத்தைவிடத் தாமதமானால் போன் செய்துவிடுங்கள். தகவல் இல்லாமல் இரவு வெகுநேரம் ஆகிவிட்டால் வரவில்லை என்று கணக்கில் எழுதி அறையை ரத்து செய்யக்கூடும். நள்ளிரவுக்குப் பின் வாசல் கதவைப் பூட்டும் ஹோட்டல்களும் உண்டு. அறைச் சாவியைக் காட்டினால் திறக்கும்.

மேலே போகுமுன் லாபியில் இருக்கும் பொருள் மேடையைப் பாருங்கள். பிரஷ், சீப்பு, ஷேவிங் ரேசர், டீப் பொட்டலம் எல்லாம் அங்கே. 2022 ஏப்ரலில் பிளாஸ்டிக்கைக் குறைக்கும் சட்டம் வந்தபின் பல ஹோட்டல்கள் இவற்றை அறைக்குள் வைப்பதை விட்டுவிட்டன. வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். இரவு உடை, சில இடங்களில் விதவிதமான தலையணைகூட அங்கேயே இருக்கும். அயர்ன் பாக்ஸ், காற்றை ஈரப்படுத்தும் கருவி ஆகியவற்றை ரிசப்ஷனில் இரவலாகக் கேட்டு வாங்க வேண்டும், முதலில் கேட்டவருக்கே கிடைக்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டுத் தூங்கினால் காலையில் தொண்டை வறண்டுவிடும். அந்தக் கருவியைச் செக்-இன் செய்யும்போதே வாங்கிவிடுங்கள்.

அறைக்குள்

கதவுக்குப் பக்கத்தில் உள்ள பொந்தில் சாவி அட்டையைச் செருகினால்தான் விளக்கு எரியும். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், வெளியே போகும்போது அட்டையை உருவ மறக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் பல அறைகளில் அணைத்தே இருக்கும். உள்ளே அல்லது பின்புறம் சின்ன சுவிட்ச் உண்டு. தயிரை வைத்துவிட்டு வெளியே போனவர் மாலையில் வந்து பார்த்தால் அது புளித்திருக்கும். கட்டிலருகே சுவரில் டார்ச் மாட்டியிருக்கும், கொக்கியிலிருந்து எடுத்தாலே எரியும். கதவின் உட்புறத்தில் உள்ள தப்பிக்கும் வழிப் படத்தையும் முதல் இரவே பாருங்கள். நிலநடுக்கம் வந்தால் ஜன்னலை விட்டு விலகி நிற்க வேண்டும், லிஃப்டைத் தொடக்கூடாது.

மின்சாரம் 100 வோல்ட். பிளக்கில் இரண்டு தட்டைக் கம்பிகள். போன், லேப்டாப் சார்ஜர்களில் "100–240" என்று எழுதியிருந்தால் அடாப்டர் மட்டும் போதும். நம் ஊர் உருண்டை மூன்று கம்பி பிளக்கைத் தட்டை இரண்டு கம்பியாக மாற்றும் அடாப்டரை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். ஜப்பான் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது ஜப்பானியர் வெளிநாடு போகும்போது பயன்படுத்தும், நேர் எதிரான வகை. 230 வோல்ட் கெட்டில், முடி நேராக்கும் கருவி ஆகியவற்றைக் கொண்டு வராதீர்கள். 1,000 வாட் கெட்டில் 100 வோல்ட்டில் சுமார் 190 வாட்தான் தரும். அரை லிட்டர் கொதிக்கக் கால் மணி நேரம் போதாது. இங்கே வாங்கிய 100 வோல்ட் சாதனத்தை ஊரில் நேராகச் செருகினால் புகைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குளியலறை என்பது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்திய ஒரே பிளாஸ்டிக் கூடு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக நியூ ஒடானி ஹோட்டலை அவசரமாகக் கட்டி முடிக்க வேண்டியிருந்தபோது வந்த ஏற்பாடு இது. தரை அறையைவிட ஒரு படி உயரம், இருட்டில் கால் இடறும். திரையின் கீழ்நுனி தொட்டிக்கு உள்ளே தொங்க வேண்டும். வெளியே விட்டால் தரை குளமாகிவிடும். தொட்டிக்கு வெளியே நின்று வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றிக் குளிக்கும் பழக்கம் இங்கே சரிவராது. குழாயில் இடப்பக்கத் திருகு வெப்பநிலை. 40-இல் அது நின்றுவிடும், மேலே போகப் பக்கத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். வலப்பக்கத் திருகு ஷவரா குழாயா என்பதற்கு. குளித்து முடிக்கும்வரை குளியலறைக் கதவைச் சாத்தியே வையுங்கள். நீராவி வெளியே வந்தால் அறையின் தீ அலாரம் அடிக்கக்கூடும்.

கழிவறையில் கழுவும் வசதி இருப்பது நமக்குப் பெரிய நிம்மதி. "ஓஷிரி" என்பது பின்புறம், "பிதே" என்பது பெண்களுக்கானது, சதுரக் குறி போட்டது நிறுத்தும் பொத்தான். உட்கார்ந்த பிறகே தண்ணீர் வரும். கையையும் காலையும் விரித்து நிற்கும் ஆள் போன்ற எழுத்து அதிகத் தண்ணீருக்கு. நடுவில் ஒரு கோடும் இருபுறமும் சிறு கீற்றும் இருந்தால் குறைந்த தண்ணீருக்கு. கழிவறைக் காகிதத்தைக் குப்பைக் கூடையில் போட வேண்டாம், உள்ளேயே போட்டு நீர் இறைத்துவிடலாம். மேசை மேலுள்ள டிஷ்யூ கரையாது, அதை மட்டும் போடாதீர்கள்.

சாப்பாடு

காலை உணவு பெரும்பாலும் 6:30 முதல் 9 மணி வரை. ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையே வரிசை நிற்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது தாஷி. உலர்ந்த மீனிலிருந்து எடுக்கும் இந்தச் சாறு மிசோ சூப்பில், வேகவைத்த காய்கறியில், சுருட்டிய ஆம்லெட்டில்கூட இருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாது. ஜப்பானியக் கறியில் காய் மட்டுமே தெரிந்தாலும் மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ வழக்கமாக உண்டு. சோற்றில் தூவும் பொடியிலும் மீன் கலப்பது சகஜம். நாட்டோ என்பது புளிக்க வைத்த சோயாதான், அதோடு வரும் சாஸ் பொட்டலத்தில் மீன் சாறு இருக்கும், அதை ஒதுக்கிவிட்டு வெறும் சோயா சாஸ் ஊற்றிக்கொள்ளுங்கள். நம்பிச் சாப்பிடலாம் என்றால் வெள்ளைச் சோறு, வெறும் தோஃபு, டிரெஸ்ஸிங் போடாத சாலட், பழம். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு அவித்த முட்டை. சைவம் மட்டும் என்றால் காலை உணவு சேர்க்காத கட்டணத்தையே எடுப்பது நல்லது.

ஏனென்றால் நகோயாவில் வேறு வழி இருக்கிறது. இந்த ஊர்க் காபிக் கடைகளில் "மோர்னிங்" என்று ஒரு வழக்கம் உண்டு: காலையில் ஒரு காபி வாங்கினால் டோஸ்ட்டும் முட்டையும் சேர்ந்து வரும். 1968-இல் நகோயாவில் தொடங்கிய கொமேதாவில் 11 மணி வரை இது கிடைக்கும். முட்டைக்குப் பதில் இனிப்புச் சிவப்புப் பயறு விழுது கேட்கலாம். வெண்ணெய் தடவிய தடித்த ரொட்டியில் அதை வைத்துச் சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது.

இரவில் அசதியாக இருந்தால் பக்கத்துக் கடையில் "பாக்கு கோஹான்" என்று வெந்த சோற்றுக் கிண்ணம் வாங்குங்கள். 200 கிராம், 500 வாட் மைக்ரோவேவில் 2 நிமிடம். ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடி, ஊறுகாய், கடைத் தயிர் இருந்தால் வேலை முடிந்தது. கறிவேப்பிலையைப் பச்சையாகக் கொண்டு வர வேண்டாம், சான்றிதழ் இல்லாத பச்சைத் தாவரத்தை விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அறையில் அடுப்பு வைத்துச் சமைக்கக்கூடாது. கெட்டிலில் தண்ணீர் தவிர எதையும் கொதிக்க வைக்காதீர்கள், அடுத்து வருகிறவர் அதில்தான் டீ போடுவார்.

துணி துவைக்க

சலவை அறை ஏதாவது ஒரு மாடியில் இருக்கும். துவைக்க 200–300 யென், உலர்த்த 20 அல்லது 30 நிமிடத்துக்கு 100 யென். 100 யென் நாணயமாகச் சேர்த்து வையுங்கள். சோப்பு பல மெஷின்களில் தானாக விழும், இல்லாவிட்டால் ரிசப்ஷனில் சிறு பொட்டலம். ஜீன்ஸும் துண்டும் கலந்து நிறைத்துப் போட்டால் 30 நிமிடத்தில் உலராது. சட்டைகளைத் தனியாகப் பாதி அளவு போட்டு 60 நிமிடம் ஓட்டுவதே சிக்கனம். இரவு 9 முதல் 11 வரை மெஷின் காலி இருக்காது. முடியும் நேரத்துக்குப் போய் எடுத்துவிடுங்கள். தாமதித்தால் அடுத்தவர் உங்கள் துணியை எடுத்துக் கூடையில் வைத்துவிடுவார்.

காலி செய்யும் நாள்

10 அல்லது 11 மணிக்குள் அறையை விட வேண்டும். தாமதத்துக்கு மணிக்கு 1,000 யென் அளவில் வாங்கும் ஹோட்டல்கள் உண்டு. டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. மேசையில் பணம் வைத்தால் மறந்த பொருளாக எடுத்து வைப்பார்கள். பெட்டியை மாலை வரை இங்கேயும் விட்டுப் போகலாம்.

அடுத்த ஊருக்கு ஷிங்கான்சென்னில் போகிறவர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய பெட்டிக்கான இடத்தோடு சேர்ந்த சீட்டை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, பதிவு இல்லாமல் ஏறினால் 1,000 யென் வாங்குவார்கள். 250-ஐத் தாண்டினால் ஏற்றவே முடியாது. அதைவிட எளிது, ரிசப்ஷனில் "தக்யூபின்" படிவம் வாங்கிப் பெட்டியை அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிவிடுவது. டோக்கியோ, ஒசாகாவுக்கு மறுநாள் சேர்ந்துவிடும். பெறுநர் இடத்தில் புக்கிங்கில் உள்ள உங்கள் பெயரையும் செக்-இன் தேதியையும் எழுதுங்கள். வண்டி வந்து எடுக்கும் நேரம் ஹோட்டலுக்கு ஹோட்டல் வேறுபடும். முந்தின இரவே கேட்டுவிட்டு, ஒரு நாளுக்கான துணியை மட்டும் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.