கும்பகோணத்திலிருந்து நகரப் பேருந்தில் ஒரு நாள்: தாராசுரம், சுவாமிமலை, நாச்சியார்கோயில்

கும்பகோணத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் சோழர் காலக் கோயிலும், பஞ்சலோகச் சிலை வார்க்கும் ஊரும், குத்துவிளக்கு வார்க்கும் ஊரும் இருக்கின்றன. இவற்றைப் பார்க்க வாடகைக் கார் தேவையில்லை. நகரப் பேருந்தே போதும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. ஆண்களுக்கும் நாள் முழுவதும் ஏறி இறங்கினால்கூடப் பேருந்துச் செலவு 100 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆகவே இந்தப் பயணத்தில் பணத்தைவிட நேரத்தைத்தான் கணக்குப் பார்த்துச் செலவிட வேண்டும்.

அந்தக் கணக்கின் அடிப்படை கோயில் நடை. பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் சாத்தப்படும் நடை மாலை நான்கு மணிக்குத்தான் மீண்டும் திறக்கும். பட்டறைகளிலோ அந்த நேரத்திலும் வேலை நடந்துகொண்டிருக்கும். ஆகவே காலையில் கோயில், நடுப்பகலில் பட்டறை, மாலையில் மீண்டும் கோயில் என்று வரிசைப்படுத்திக்கொண்டால் எங்கும் வாசலில் காத்திருக்க நேராது. இதை அறியாமல் முதல் முறை நான் பன்னிரண்டரை மணிக்குத் தாராசுரம் போய் இறங்கினேன். சன்னதி சாத்தியிருந்தது, வெறுங்காலோடு கருங்கல் தளத்தில் பத்தடி வைப்பதற்குள் உள்ளங்கால் பொரிந்துவிட, சிற்பம் எதையும் நின்று பார்க்க முடியாமல் திரும்பினேன்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கம்மாளர் பட்டறைகள் பலவற்றிற்கு அமாவாசை விடுமுறை நாள். கிருத்திகையன்று சுவாமிமலையில் கூட்டம் நெரியும். இவை இரண்டையும் தவிர்த்த ஒரு வார நாள் நல்லது.

தஞ்சாவூரிலிருந்தோ மயிலாடுதுறையிலிருந்தோ வருபவர்கள் முதல் பேருந்துகளிலேயே ஏறிவிட வேண்டும். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் பித்தளை டபராவில் ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு, ஏழு மணியளவில் தாராசுரம் வழியாகச் செல்லும் பேருந்தைப் பிடிக்கலாம். கால் மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். தஞ்சாவூர் செல்லும் விரைவுப் பேருந்துகள் தாராசுரத்தில் நிற்காமல் போவதுண்டு என்பதால், ஏறுவதற்கு முன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐராவதேசுவரர் கோயில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் கட்டியது. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. குதிரைகள் இழுக்கும் தேர்போல் அமைந்த முன்மண்டபத்தின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இந்தக் கோயிலின் உண்மையான செல்வம் உள்ளங்கை அளவுச் சிற்பங்களில் இருக்கிறது. கருவறையின் புறச்சுவரை ஒட்டி, அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டே குனிந்து நடந்தால், அறுபத்து மூன்று நாயன்மார்களின் வரலாறு வரிசையாகக் கல்லில் வருவதைக் காணலாம். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதையைச் செதுக்கிய சிற்பி, பிள்ளை முதலையின் வாயிலிருந்து வெளிவரும் அந்த ஒரு நொடியைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். இவற்றின் மேல் சோழர் காலத் தமிழ் எழுத்தில் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தையும் தேடிப் பார்க்க வேண்டும்: ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. பலிபீடத்தின் அருகிலுள்ள, தட்டினால் இசை எழுப்பும் கற்படிகள் இப்போது கம்பி வேலிக்குள் காக்கப்படுகின்றன. இந்தக் கோயிலுக்கு இரண்டு மணி நேரம் முழுதாக ஒதுக்குங்கள்; வேறெங்கு நேரத்தைக் குறைத்தாலும் இங்கே குறைக்க வேண்டாம்.

தாராசுரத்திலிருந்து சுவாமிமலை ஐந்தாறு கிலோமீட்டர்தான். நேரடிப் பேருந்துக்காக இருபது நிமிடம் காத்துப் பார்த்து, வராவிட்டால் கும்பகோணத்துக்கே திரும்பி அங்கிருந்து சுவாமிமலைப் பேருந்தில் ஏறுவது நல்லது. சுவாமிநாதசுவாமி கோயிலின் படிகள் 60. தமிழ் ஆண்டுகள் அறுபதையும் அவை குறிக்கின்றன. பதினொன்றரைக்குள் தரிசனத்தை முடித்துவிட்டால், அதன்பின் சிற்பப் பட்டறைகளுக்குப் போகலாம்.

கோயில் தெருக்களிலும் ஊருக்கு வரும் சாலையோரத்திலும் பட்டறைகள் உண்டு. வாசலில் நின்று, "ஐயா, வேலையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால், பெரும்பாலும் உள்ளே அழைப்பார்கள். சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னோலையை நறுக்கி, அதையே மடித்து மடித்து அளவுகோலாக்கிக்கொள்வதை முதலில் கேட்டுப் பாருங்கள். ஒடியோலை எனப்படும் அந்த ஓலையின் மடிப்புகளில்தான் முகம், மார்பு, முழங்கால் எல்லாவற்றின் அளவும் அடங்கியிருக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் நைசான காவிரி வண்டலைப் பூசி நிழலில் உலர்த்துவார்கள். விரல் நகத்தின் கோடுவரை அந்த வண்டல் பதிவெடுத்துக்கொள்ளும். அதன் மேல் கனத்த மண் பூச்சு பூசிக் கம்பி கட்டிச் சூளையில் சுட்டால், மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பின் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால், ஓர் அச்சில் ஒரு சிலைக்கு மேல் பிறப்பதில்லை. மெழுகு உருவங்களைத் தொடாதீர்கள். கையின் சூடே அவற்றைக் குலைத்துவிடும். படம் எடுக்கும் முன்பும் கேளுங்கள்.

சிலை வாங்குவதாக இருந்தால் பட்டறையில் ரசீதோடு புதிய சிலையையே வாங்க வேண்டும். பழைய சிலை என்று யாராவது தனியாக அழைத்துக் காட்டினால் அங்கிருந்து உடனே விலகிவிடுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களின் விற்பனை 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. களவு போன கோயில் சிலைகளால் இந்த மண் பட்ட வேதனையும் போதும்.

ஒன்றரை மணிக்குக் கும்பகோணம் திரும்பி இலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, திருவாரூர்ச் சாலையில் போகும் பேருந்தில் நாச்சியார்கோயிலுக்கு ஏறலாம். திருபுவனத்துப் பட்டுத் தறிகளையும் அன்றே பார்த்துவிடலாம் என்று சிலர் ஆசைப்படுவார்கள். அது மயிலாடுதுறைச் சாலையில், வேறு திசையில் இருக்கிறது. அதைச் சேர்த்தால் பாதி நாள் பேருந்து நிலையத்திலேயே கழியும். அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்வதே என் கருத்து.

நாச்சியார்கோயிலில் பீடம், தண்டு, அகல், உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை போட்டுப் பூட்டுவதுதான் குத்துவிளக்கு. வாங்குபவர்கள் விளக்கைச் சமதளத்தில் வைத்து ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மரைகளைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். அகலை வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும், இருந்தால் எண்ணெய் கசியும். விலை எடையைப் பொறுத்தது என்பதால் தராசில் நிறுத்துக் காட்டச் சொல்வதில் தவறில்லை. பெரிய விளக்கு வாங்க வசதி இல்லாதவர்களுக்குச் சிறிய கைவிளக்குகளும் இருக்கின்றன.

நடை திறந்ததும் பெருமாள் கோயிலுக்குப் போய்க் கல் கருடனைத் தரிசிக்கலாம். மார்கழியிலும் பங்குனியிலும் இந்தக் கருடன் புறப்படும்போது, சன்னதியிலிருந்து வெளியே வர வர, சுமப்பவர்கள் நால்வர், எண்மர், பதினாறு பேர் என்று இரட்டித்துக்கொண்டே போய் அறுபத்து நான்கு பேர் தாங்குவார்கள்.

இருட்டுவதற்கு முன் திரும்பும் பேருந்தில் ஏறிவிடுங்கள். வாங்கிய விளக்கின் பாகங்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனியாகச் செய்தித்தாளில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டால், மரை நசுங்காமல் வீடு வந்து சேரும்.