சர்க்கரையிலிருந்து டெக்ஸ்ட்ரான்: குளுக்கோஸைப் போட்டால் ஏன் வருவதில்லை?

லூக்கோனாஸ்டாக் மெசென்ட்ராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவைச் சர்க்கரைக் கரைசலில் விட்டால் ஒன்றிரண்டு நாளில் கரைசல் கோந்து மாதிரி ஆகிவிடும். அந்தக் கொழகொழப்புதான் டெக்ஸ்ட்ரான், அதாவது குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. இதைக் கட்டும் நொதியின் பெயர் டெக்ஸ்ட்ரான்சுக்ரேஸ். செல்லுக்கு வெளியே வந்து வேலை செய்யும் நொதி என்பதால் தொடக்கநிலை ஆய்வகத்துக்கு ரொம்ப வசதி. செல்லை உடைக்க வேண்டியதே இல்லை.

கிருமிநீக்கமும் பைப்பெட் பிடிப்பதும் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராகத் தொடங்குகிறேன்.

படி 1: வளர்ப்பு. ஈஸ்ட் சாறு, பாஸ்பேட் உப்பு, 2 சதவீதம் சுக்ரோஸ் (நாம் வீட்டில் போடும் சர்க்கரைதான்). சுக்ரோஸைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து பிறகு சேருங்கள், இல்லாவிட்டால் ஊடகம் பழுப்பாகிவிடும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு போதும். ஊடகத்தில் குளுக்கோஸ் மட்டும் இருந்தால் பாக்டீரியா நன்றாகவே வளரும், ஆனால் நொதி பெயருக்குத்தான் இருக்கும். சுக்ரோஸைக் கண்டால்தான் இது நொதியைச் சுரக்கும்.

படி 2: நொதியைப் பிரித்தல். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். 0.2 மைக்ரான் வடிகட்டியில் தள்ளப் பார்க்காதீர்கள், கொழகொழப்பு அதை அடைத்துவிடும். பி.எச். 5.4 உள்ள அசிட்டேட் பஃபரில் டயாலிசிஸ் செய்துவிட்டு (சவ்வுப் பையில் வைத்து, பாஸ்பேட் போன்ற சின்னச் சின்ன உப்புகளை வெளியேற்றுவது), அப்புறம் ஒரு துளி கால்சியம் குளோரைடு. சில வகை நொதிகளுக்கு அது இல்லாமல் வேலை ஓடாது. வரிசையை மாற்றாதீர்கள். டயாலிசிஸுக்கு முன்பே கால்சியத்தைச் சேர்த்தபோது எனக்கு வெள்ளையாக ஏதோ படிந்தது. டெக்ஸ்ட்ரான் வந்துவிட்டது என்று துள்ளினேன். வந்தது கால்சியம் பாஸ்பேட்.

படி 3: மூன்று குழாய்கள். இங்கேதான் நான் சறுக்கினேன். நொதி முதலில் சுக்ரோஸைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக வெட்டும், பிறகு குளுக்கோஸ்களை எடுத்து ஒட்டும் என்றே நினைத்திருந்தேன். அப்படியானால் வெட்டும் வேலையை மிச்சப்படுத்தலாமே என்று நேராகக் குளுக்கோஸைப் போட்டேன். இரண்டு நாள் பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

நீங்கள் இதைத் தெரிந்தே செய்யுங்கள். ஒரு குழாயில் நொதியோடு 10 சதவீத சுக்ரோஸ், இன்னொன்றில் நொதியோடு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சம அளவில், மூன்றாவதில் சுக்ரோஸும் கொதிக்கவைத்த நொதியும். 30 டிகிரியில் சில மணி நேரம் விடுங்கள். முதல் குழாய் மட்டும் பால் போல மங்கும்.

காரணம் பிணைப்பில் இருக்கிறது. சுக்ரோஸில் குளுக்கோஸையும் ஃப்ரக்டோஸையும் இணைக்கும் பிணைப்பு நீரில் உடைந்தால் மோலுக்குச் சுமார் 28 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். நொதி இதை வீணாக்குவதில்லை. குளுக்கோஸைத் தன்னிடமுள்ள அஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தோடு பிணைத்துப் பிடித்துக்கொண்டு ஃப்ரக்டோஸை மட்டும் வெளியே விடுகிறது. பிடித்த குளுக்கோஸை அப்படியே வளரும் சங்கிலிக்குக் கைமாற்றுகிறது. நடுவில் அது தனிக் குளுக்கோஸாக நீரில் மிதப்பதே இல்லை. செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யும் தேவையில்லை. கூலி சுக்ரோஸுக்குள்ளேயே இருக்கிறது. தனிக் குளுக்கோஸில் அந்தக் கூலி கிடையாது, அவ்வளவுதான். செல்லே இல்லாத பாக்டீரியச் சாறு சுக்ரோஸிலிருந்து இந்தச் சங்கிலியைக் கட்டும் என்று எட்வர்ட் ஹெஹ்ரே 1941-லேயே காட்டிவிட்டார்.

சங்கிலியின் எந்தக் கார்பனில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்துப் பொருளே மாறும். 6-ஆம் கார்பனில் ஒட்டினால் நீரில் கரையும் டெக்ஸ்ட்ரான். 3-ஆம் கார்பன் என்றால் கரையாத மியூட்டான். பல்லில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா பூசிவிட்டுப் போவதில் இதுவும் உண்டு.

படி 4: பிரித்தெடுத்தல். சம அளவு குளிர்ந்த எத்தனாலைக் கலக்கிக்கொண்டே மெதுவாக ஊற்றுங்கள். கண்ணாடிக் குச்சியில் பிசின் போலச் சுற்றிக்கொள்ளும். நீரில் கரைத்து இன்னொரு முறை படியவையுங்கள், ஒட்டியிருக்கும் ஃப்ரக்டோஸ் போகும். 100 கிராம் சுக்ரோஸிலிருந்து அதிகபட்சம் 47 கிராம்தான் வரும், மீதி ஃப்ரக்டோஸ். உங்களுக்கு 60 கிராம் வந்திருந்தால் சரியாக உலரவில்லை.

படி 5: அளத்தல். எவ்வளவு குளுக்கோஸ் சங்கிலிக்குப் போனது என்று பார்க்க டி.என்.எஸ். முறை (சில சர்க்கரைகளின் அளவை நிறத்தால் காட்டும் சோதனை) மலிவு, எனக்குப் பிடித்தது. சுக்ரோஸ் அதில் நிறம் தராது, ஃப்ரக்டோஸ் தரும். ஆனால் நொதி சில சமயம் குளுக்கோஸைச் சங்கிலிக்குத் தராமல் தண்ணீருக்குத் தந்துவிடும், அந்தக் குளுக்கோஸும் நிறம் தரும். அதைக் குளுக்கோஸை மட்டும் காட்டும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கிட்டில் தனியாக அளந்து, டி.என்.எஸ். அளவிலிருந்து இரண்டு முறை கழியுங்கள்: தண்ணீருக்குப் போன ஒவ்வொரு குளுக்கோஸோடும் ஒரு ஃப்ரக்டோஸும் வெளிவந்திருக்கிறது. நான் ஒருமுறை மட்டும் கழித்துவிட்டு அழகான தப்பு வரைபடம் ஒன்று போட்டிருந்தேன்.

பின்சேர்க்கை: மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாவிலும் கோழை வந்ததே, அதுவும் டெக்ஸ்ட்ரானா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவசரப்படாதீர்கள். சுக்ரோஸில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியா வளர்ந்தாலும் கோழை வரும், ஆனால் அது லெவான், ஃப்ரக்டோஸ் சங்கிலி. கோழையை எத்தனாலில் கழுவி, அமிலத்தில் கொதிக்கவைத்து, அமிலத்தை நடுநிலையாக்கி, அதே குளுக்கோஸ் கிட்டில் பாருங்கள். ஏறக்குறைய எல்லாம் குளுக்கோஸாக வந்தால் அது டெக்ஸ்ட்ரானாக இருக்கலாம்.