பான்ஷி எஞ்சினில் பிஸ்டன் பிடித்தது ஏன்?

உள்ளூர்ப் பந்தயத்துக்காக யமஹா பான்ஷி என்ற நாற்சக்கர ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் வண்டி) ஒன்றின் 347 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைப் பிரித்தபோது, இடது பிஸ்டன் மட்டும் சிலிண்டர் சுவரில் உரசிப் பிடித்திருந்தது. முதலில் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டையே சந்தேகித்தேன். ஆனால் சிலிண்டரின் வாய்களை அடைத்து, 6 பிஎஸ்ஐ காற்றழுத்தம் ஏற்றி, கிராங்க் ஷாஃப்டின் இடது முனையிலுள்ள மேக்னெட்டைக் கழற்றிச் சோப்புநீர் தடவியபோது, அதன் பின்னாலிருந்த ஆயில் சீலில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) குமிழிகள் எழுந்தன. அவ்வழியே நுழைந்த காற்றால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து, பிஸ்டன் அளவுமீறிச் சூடேறியிருக்கிறது.

64 மி.மீ. விட்டமுள்ள இரு சிலிண்டர்களையும் ஒரே அளவுக்குக் கடைந்து சற்றே அகலமாக்கி (போரிங்), புதிய பிஸ்டன்களையும் சீல்களையும் பொருத்தினேன். பிஸ்டன் ரிங்கின் முனைகளுக்கு இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) அளப்பது அலுப்பான வேலைதான், ஆயினும் தவிர்க்கவில்லை. பந்தய சைலன்சர்களுக்கு ஏற்பப் பெரிய மெயின் ஜெட் போட்டு, முழு த்ராட்டிலில் ஓட்டி நிறுத்திக் கழற்றிப் பார்த்தபோது, இரண்டு ஸ்பார்க் பிளக்குகளும் ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தன; கலவை இப்போது சரி என்பதற்கு அதுவே அடையாளம்.