போர்டிங்கில் விடும் நாய்க்கு ஐந்து வாரம் முன்பே ஊசி

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நாயை போர்டிங்கில் (நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) விடுவதாக இருந்தால், கென்னல் காஃப் என்னும் தொற்று இருமலுக்கான தடுப்பூசியை ஐந்து வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். வருடா வருடம் போடும் வழக்கமான கூட்டுத் தடுப்பூசியில், இந்த இருமலுக்கு முக்கியக் காரணமான போர்டடெல்லா பாக்டீரியாவுக்குப் பாதுகாப்பு கிடையாது. ‘அதான் ஊசி போட்டாச்சே’ என்று பலர் விட்டுவிடுவது இங்கேதான். முதல்முறை போடும் நாய்க்கு 2 முதல் 4 வார இடைவெளியில் 2 ஊசி தேவை. எதிர்ப்பு சக்தி வர அதற்கு மேலும் ஒரு வாரம் போல ஆகும். மூக்கில் விடும் மருந்து டாக்டரிடம் கிடைத்தால் ஒரே தவணை போதும், சில நாட்களிலேயே வேலை செய்யும்.

ஏற்கெனவே இருமும் நாய்க்கு இது சிகிச்சை இல்லை. அதை போர்டிங்குக்கு அனுப்பவே வேண்டாம், மற்ற நாய்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். தடுப்பூசி போட்ட நாய்க்கும் சில சமயம் லேசாக வரலாம்.