ஒயர் அறுந்தாலும் மோட்டார் நிற்க வேண்டும்

கள ட்ரிப் சுவிட்ச் (கோளாறு வந்தால் மோட்டாரை நிறுத்த இயந்திரத்தின் அருகே பொருத்தியது) என்.சி. வகையாக, அதாவது சாதாரணமாக மூடியிருந்து கோளாறில் திறப்பதாக இருந்தால், சீரான நிலையில் பிஎல்சி (இயந்திரங்களை நிரல் மூலம் இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) இன்புட்டுக்கு 24 வோல்ட் வந்து அதன் மதிப்பு 1 ஆக இருக்கும் என்பதால், லேடரில் (பிஎல்சியின் ஏணி வடிவ நிரலில்) மோட்டார் வரிசையில் என்.ஓ. கான்டாக்ட்டையே (மதிப்பு 1 ஆக இருந்தால் மட்டும் வழிவிடும் குறி) தொடராக இட வேண்டும். சுவிட்ச் திறந்தாலும், ஃபியூஸ் போனாலும், மணலி, எண்ணூர் பக்கத்து உப்புக்காற்றில் டெர்மினல் அரித்து ஒயர் விட்டுப்போனாலும் மதிப்பு 0 ஆகி மோட்டார் நின்றுவிடும்.

பலர் லேடரிலும் என்.சி. (மதிப்பு 0 ஆக இருந்தால் மட்டும் வழிவிடும் குறி) போட்டு, மோட்டார் ஓடாததைக் கண்டு களச் சுவிட்சை என்.ஓ.வாக (சாதாரணமாகத் திறந்திருந்து கோளாறில் மூடும் வகை) மாற்றிவிடுகிறார்கள், இது மிகவும் ஆபத்தானது, ஏனெனில் அதன்பின் அறுந்த ஒயரும் சீரான நிலையாகவே பிஎல்சிக்குத் தெரியும்.

ட்ரிப்பை லாட்ச் செய்யுங்கள், அதாவது ரீசெட் அழுத்தும் வரை ட்ரிப் நிலை நீடிக்கட்டும். ரீசெட் அழுத்தியதும் மோட்டார் தானாக ஓடக் கூடாது, ஸ்டார்ட்டைத் தனியே அழுத்த வேண்டும். அவசர நிறுத்தத்தைச் சாதாரண பிஎல்சியின் நிரலை மட்டும் நம்பி விடாமல், சேஃப்டி ரிலே (பாதுகாப்புக்கென்றே உள்ள தனி ரிலே) வழியாக நேரடியாக இணையுங்கள்.