பிலிப்பைன்ஸ் மொழிகளில் வடிவம் ஒத்த சொற்களின் பொருளைச் சரிபார்ப்பது எப்படி?

மணிலா வட்டாரத்து மொழியான தகலோக்கைக் கற்றவர் செபு தீவுக்குச் சென்றால், அறியாத சொற்களைவிட அறிந்தவை போலத் தோன்றும் சொற்களே அவரை அதிகம் தடுமாற வைக்கும். தகலோக்கில் எறும்பைக் குறிக்கும் 'லங்கம்' செபுவின் மொழியான செபுவானோவில் பறவையைக் குறிக்கிறது. இவை ஒரே குடும்பத்து மொழிகள் என்பதால், வடிவம் ஒத்திருந்தால் பொருளும் ஒத்திருக்கும் என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையைத்தான் முதலில் கைவிட வேண்டும்.

ஒரு சொல்லின் பொருள் மாறியிருப்பதாகத் தெரிந்தால், பழைய பொருளுக்கு அங்கே எந்தச் சொல் வழங்குகிறது என்று உடனே கேளுங்கள். 'கமோட்' தகலோக்கில் மருந்து. செபுவானோவில் மரத்தின் வேர். அங்கே மருந்துக்கு வழங்கும் சொல் 'தம்பால்'. தகலோக்கில் வேருக்கு 'உகாட்' என்பார்கள். இரத்தக் குழாய்க்கும் அதுவே சொல். செபுவானோவிலோ 'உகாட்' வேரைக் குறிக்காமல் உடலின் நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் உரியதாக நிற்கிறது. இப்படி ஒரு சொல்லைத் தொடர்ந்து சென்றால் மூன்று சொற்கள் உறுதிப்படும். தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட இது நெடுநாள் நினைவில் நிற்கும்.

எந்தப் பொருள் மூத்தது என்பதை அறிய, அந்நாட்டின் வேறு மொழிகளையும் சாட்சிக்கு அழைப்பது நல்லது. இலோகானோவில் 'ரமுட்', கப்பம்பங்கனில் 'யமுட்': இரண்டுக்கும் வேர் என்றே பொருள். முதல் எழுத்து வேறுபடுவதால் இவை வேறு சொற்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தகலோக்கில் 'பாகோ' எனப்படும் 'புதிய' என்ற சொல் இலோகானோவில் 'பாரோ' என்றும் கப்பம்பங்கனில் 'பாயு' என்றும் ஒலிப்பதைப் பார்த்தால், இந்த ஒலிமாற்றம் ஒழுங்கானது என்பது விளங்கும். ஆகவே வேர் என்பதே பழைய பொருள் என்றும், வேரை மருந்தாகப் பயன்படுத்திய வழக்கத்திலிருந்து தகலோக் பொருள் கிளைத்தது என்றும் கொள்வது பொருத்தமானது.

காலத்தைக் குறிக்கும் சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். நெக்ரோஸ் தீவின் மேற்கில், பாகோலோட் நகரத்தில் பேசப்படும் ஹிலிகாய்னோனில் 'கரோன்' என்றால் 'பிறகு'. அதே தீவின் கிழக்கில், துமகெட்டே நகரத்தின் செபுவானோவில் 'இப்போது'. ஒரே தீவுக்குள் சந்திப்பு நேரம் குறிக்கும்போது, இந்தச் சொல்லை மட்டும் நம்பாமல் மணியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சொல்லைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்வதும் போதாது. முழு வாக்கியத்தில் கேட்க வேண்டும். 'ஆயாவ்' தகலோக்கில் 'விருப்பமில்லை'. செபுவானோவில் 'செய்யாதே' என்னும் விலக்கு. 'பாலிட்' தகலோக்கில் மாற்றிக்கொள்வது, செபுவானோவில் வாங்குவது. 'லிபோக்' செபுவானோவில் வெறும் குழப்பம். தகலோக்கில் அது காம இச்சை என்பதால், மணிலாவில் 'குழம்பிவிட்டேன்' என்று சொல்ல வருபவர் அதைத் தவிர்ப்பதே நலம்.

குறிப்பேட்டில் சொல்லோடு கேட்ட ஊரின் பெயரையும், அழுத்தம் விழும் அசையையும் எழுதுங்கள். தகலோக்கில் 'புகாஸ்' என்பதன் முதல் அசையை அழுத்தினால் நாளை, இரண்டாவதை அழுத்தினால் திறந்திருப்பது. தமிழ் எழுத்தில் வல்லினத்தின் இரு ஒலிகளும் (k, g போன்றவை) ஒன்றாகிவிடும். அதனால் ரோமன் எழுத்து வடிவத்தையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.