நாலாவது விசில்: உளவியல் த்ரில்லர் ட்ரெய்லர் எடுக்கும் மாணவர்களுக்கு

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்கள் புராஜெக்டுக்கு ட்ரெய்லர் எடுக்கும்போது என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஜானரின் (படவகையின்) வழக்கங்களைப் பின்பற்றவும் வேண்டும், மீறவும் வேண்டும் என்கிறார்கள். ரெண்டையும் ஒரே ட்ரெய்லரில் எப்படிச் செய்வது?" செய்யலாம். எப்படி என்று ஒரு ட்ரெய்லரை முதலிலிருந்து கட்டியே காட்டுகிறேன். ஒரு வீடு, ஒரு நடிகை, ஒரு ஃபோன், ஒன்றரை நிமிடம். படத்தின் பெயர் 'நாலாவது விசில்'.

1. முதலில் நோட்டு எடுத்து உட்காருங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன் பத்து த்ரில்லர் ட்ரெய்லர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை: ஒரு முறை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு. நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் கண்ணிலும் காதிலும் பட்ட பொருள்களை எழுதுங்கள். உடைந்த கண்ணாடி, மினுக்கும் விளக்கு, ஹூடி போட்ட ஆள், மாத்திரை டப்பா, இதயத்துடிப்பு, கிசுகிசுக் குரல் என்று வந்துகொண்டே இருக்கும். வலப்பக்கம் அவை கோர்க்கப்பட்டிருக்கும் வரிசை: அமைதியான தொடக்கம், சின்னதாக ஒரு உறுத்தல், யாரும் நம்பாத கதாநாயகி, வேகமெடுக்கும் கட்கள், தலைப்பு, தலைப்புக்கு அப்புறம் கடைசியாக ஒரு அதிர்ச்சி.

இந்த இரண்டு பத்தி முறை என் கண்டுபிடிப்பு அல்ல. ரிக் ஆல்ட்மன் என்ற திரைப்பட ஆய்வாளர் 1984-இல் எழுதிய கட்டுரையில், ஒரு ஜானரைப் புரிந்துகொள்ள அதன் பொருள்களையும் அவை கோர்க்கப்படும் விதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். ஒன்று சொற்கள், மற்றது இலக்கணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எடுப்பவர்கள் பெரும்பாலும் இடப்பக்கத்தை அப்படியே தூக்கி வருவார்கள், வலப்பக்கத்தைக் கவனிக்கவே மாட்டார்கள். ஹூடியும் கத்தியும் இருக்கும், பயம் இருக்காது.

நான் சொல்வது அதற்கு நேர்மாறு. வலப்பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தை உங்கள் வீட்டுச் சாமான்களால் மாற்றுங்கள். அப்புறம், பார்ப்பவருக்கு ஜானர் தரும் வாக்குறுதிகளில் ஒன்றே ஒன்றை மட்டும் உடையுங்கள். மூன்று நான்கை உடைத்தால் இது என்ன படம் என்றே அவருக்குப் புரியாது. எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவரைத்தானே ஏமாற்ற முடியும்?

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) இதற்கு நல்ல பாடம். கொலை, விசாரணைக்கு வரும் அதிகாரி, சந்தேகத்துக்குரிய ஆட்கள் என்று துப்பறியும் கதைக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு. ஆனால் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. பாட்டில்லாத தமிழ்ப் படத்தை நினைத்தே பார்க்க முடியாத காலம் அது. கதையின் எலும்பு உறுதியாக இருந்ததால்தான் அந்த மீறல் நின்றது.

2. எந்த வாக்குறுதியை உடைப்பது?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாப் படிகளும் இதைச் சார்ந்துதான் இருக்கின்றன.

உளவியல் த்ரில்லர் தரும் மிகப் பழைய வாக்குறுதி, 'ஆபத்து இந்த ஆளின் மனதுக்குள்தான் இருக்கிறது' என்பது. கதாநாயகிக்கு ஏதேதோ தெரிகிறது, கேட்கிறது. கடைசியில் எல்லாம் அவளே செய்தது, அவளுக்கே தெரியாது, ஸ்ப்ளிட் பெர்சனாலிட்டி என்று முடியும். மாணவர்கள் கொண்டுவரும் கதைச் சுருக்கங்களில் நான் அதிகம் படித்தது இந்தத் திருப்பத்தைத்தான்.

இதை உடைக்கச் சொல்வதற்கு எனக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பார்ப்பவர் இதை முன்கூட்டியே ஊகித்துவிடுகிறார். இரண்டாவது எனக்கு இன்னும் முக்கியம். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள் பிறரால் தாக்கப்படும் ஆபத்துதான் அதிகம். நம் திரையோ மாத்திரை அட்டையைக் காட்டிய அடுத்த நொடியே கத்தியைக் காட்டிப் பழகிவிட்டது. உங்கள் ட்ரெய்லரைப் பார்க்கும் வகுப்பில், தினமும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு அமைதியாகப் படிக்கும் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். அவரை மனதில் வைத்து எழுதுங்கள்.

நம் கதையில் தனியாக வாடகை வீட்டில் இருக்கும் ஒரு பெண். வீட்டில் யாரோ வந்துபோவதாக அவளுக்குத் தோன்றுகிறது. அண்ணன் ஃபோனில் சொல்கிறான்: "நீயேதான் பண்ணியிருப்பே, நல்லா யோசிச்சுப் பாரு." பார்ப்பவரும் அப்படித்தான் நினைப்பார், ஜானர் அவரை அப்படிப் பழக்கியிருக்கிறது. நாமும் அந்தச் சந்தேகத்தை வளர்த்துக்கொண்டே போவோம். கடைசிப் பத்து நொடியில் தெரியவேண்டியது: அவள் சொன்னது சரி. வீட்டில் நிஜமாகவே யாரோ இருக்கிறார்கள், அந்த ஆளிடம் சாவியும் இருக்கிறது.

3. கண்ணாடியை மாற்றுங்கள்

இந்த ஜானரில் கண்ணாடி வந்தே தீரும். பிம்பம் தானாகத் திரும்பும், இல்லை சிரிக்கும், இல்லை கண்ணாடி விரிசல் விடும். கண்ணாடியை நாமும் வைத்துக்கொள்வோம், ஆனால் பிம்பத்தைத் தொடவேண்டாம். நம் வீட்டுக் கண்ணாடிகளின் மேற்பரப்பைப் பாருங்கள். ராத்திரி முகம் கழுவும்போது நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் ஓரமாக வரிசையாக இருக்கும்.

அவள் வைப்பது சின்னக் கறுப்புப் பொட்டு. கண்ணாடியில் ஆறு கறுப்புப் பொட்டுகள், அவள் கண் உயரத்தில். ஒருநாள் அவற்றுக்கு ஒரு சாண் மேலே, அரக்கு நிறத்தில், கொஞ்சம் பெரிதாக ஒன்று. அது அவளுடையது இல்லை. ஒட்டியவர் அவளைவிட உயரம்.

ரத்தமும் வேண்டாம், விரிசலும் வேண்டாம். நிறம், அளவு, உயரம் என்ற மூன்றே விஷயங்களில் ஒரு ஆள் வீட்டுக்குள் வந்துவிட்டார்.

4. நொடிக் கணக்கு

தொண்ணூறு நொடியை இப்படிப் பிரித்தேன்.

முதல் 20 நொடிகளில் நான்கே ஷாட். கதவை உள்தாழ்ப்பாள் போடுகிறாள். அடுப்பில் குக்கர், மேடையில் ஒரே தட்டு, ஒரே டம்ளர். கண்ணாடியில் ஆறு பொட்டு. ஃபோனில் அம்மா: "நாலு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடு, மறந்துடாதே." முதல் விசில் 12-ஆம் நொடியில். அவள் விரலை மடக்கி எண்ணுகிறாள். கரகரத்த குரலில் ஒருவர் கதை சொல்லும் வழக்கத்துக்குப் பதிலாக இந்த அம்மா குரலே போதும். அவள் தனியாக இருக்கிறாள், அவளுக்கு மறதி உண்டு என்ற இரண்டு தகவலும் அந்த ஒரு வரியில் வந்துவிடுகின்றன.

20 முதல் 50 வரை பன்னிரண்டு ஷாட், ஒவ்வொன்றும் இரண்டரை நொடி. இடம் மாறியிருக்கும் செருப்பு, ஈரமான மிதியடி, அண்ணனின் அந்த வரி. 38-இல் இரண்டாவது விசில். 45-இல் அவள் பொட்டு வைத்துக்கொள்கிறாள், ஃபிரேமின் மேல் ஓரத்தில் ஃபோகஸ் இல்லாமல் ஒரு அரக்குப் புள்ளி. கவனிக்காதவர்கள் கவனிக்காமலே போகட்டும்.

50 முதல் 65 வரை வேகம். ஒரு நொடி ஷாட்டில் தொடங்கிப் பன்னிரண்டு ஃபிரேம்வரை (ஏறக்குறைய அரை நொடி) குறையட்டும், ஏறக்குறைய இருபது ஷாட் பிடிக்கும். ஜானரின் பாதையிலேயே போகிறோம் என்று பார்ப்பவர் முழுதாக நம்பவேண்டிய இடம் இது. 64-இல் மூன்றாவது விசில், நீளமாக.

65-இல் எல்லாம் நிற்கிறது. வேகம் உச்சிக்குப் போகவேண்டிய இடத்தில் பத்து நொடிக்கு ஒரே ஷாட்: கண்ணாடி, ஆறு கறுப்புப் பொட்டு, மேலே தெளிவாக அந்த ஒன்று. இசை கிடையாது. பத்து நொடி நீளமாகத் தோன்றும், எடிட் டேபிளில் உங்கள் கை அதை வெட்டத் துடிக்கும். வெட்டாதீர்கள். 1980-இல் வந்த 'தி ஷைனிங்' படத்தின் டீசரில் கேமரா அசையவே இல்லை. மூடிய லிஃப்ட் கதவுகள் முன்னால் நின்றுகொண்டே இருக்கும், எழுத்துகள் மேலே ஏறும், கடைசியில் ரத்தம் பாயும். மொத்தமும் ஒரே ஷாட். பார்ப்பவரின் கண் தானாகத் தேட ஆரம்பிப்பதற்கு நேரம் தரவேண்டும்.

75 முதல் 80 வரை தலைப்பு. 80-க்கு மேல் என்ன என்பதை ஒலிப் பகுதியில் சொல்கிறேன்.

5. பகலில் எடுங்கள்

இருட்டு வேண்டும் என்பதும் ஒரு பழக்கம்தான். 1960-இல் 'சைக்கோ' படத்துக்காக அதன் இயக்குநர் ஹிட்ச்காக் செய்த ட்ரெய்லரில் படத்தின் காட்சிகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆறு நிமிடத்துக்கும் மேல் அவரே படத்தில் வரும் மோட்டலையும் வீட்டையும் சாவகாசமாகச் சுற்றிக் காட்டுகிறார், வாடகைக்கு வீடு காட்டுபவர் மாதிரி. பயம் அதிலும் வருகிறது.

மாணவர்களுக்குப் பகல் இன்னொரு விதத்திலும் நல்லது. குறைந்த வெளிச்சத்தில் ஃபோன் கேமராவில் படம் புள்ளி புள்ளியாகக் கலங்கும். பதினொரு மணிக்கு மேல் ஜன்னல் பக்கம் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அவள் நகரும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும்.

டியூப்லைட்டோ எல்இடியோ போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு விஷயம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது. மேனுவல் வசதி உள்ள கேமரா ஆப்பில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள். 1/60-இல் விட்டால் படத்தின் குறுக்கே பட்டைபட்டையாக ஓடும். ஒரு குழுவின் முழுநாள் படப்பிடிப்பு இதனால் வீணானதைப் பார்த்திருக்கிறேன். சின்ன ஃபோன் திரையில் பட்டை தெரியவில்லை, கம்ப்யூட்டரில் போட்ட பிறகுதான் தெரிந்தது.

கண்ணாடியை நேருக்கு நேர் எடுத்தால் ஃபோனும் நீங்களும் உள்ளே இருப்பீர்கள். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, ஃபோனைச் சுற்றிக் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். எந்த ஷாட்டில் எத்தனை பொட்டு, எந்த இடத்தில் என்று ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். இந்தப் படத்தின் கன்டினியுட்டி (ஷாட்டுக்கு ஷாட் பொருந்தும் தொடர்ச்சி) முழுக்க அந்தப் பொட்டுகளில்தான் இருக்கிறது. ஒட்டி ஒட்டி எடுத்தால் பசை போய்விடும், இரண்டு பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. ஒலி

இணையத்தில் இறக்கிய 'டூம்' சத்தங்களை அடுக்காதீர்கள். சினிமா பின்னணி இசையை எடுத்துப் போட்டால் காப்பிரைட் புகார் வேறு வரும். நம் ட்ரெய்லரின் இசையே குக்கர்தான். விசிலுக்கு முன் வெயிட் லேசாக ஆடும் கிடுகிடு, ஆவி ஏறும் இரைச்சல், அப்புறம் விசில். பதற்றம் ஏறி ஏறி வெடிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சத்தம் எங்கே கிடைக்கும்? ரெக்கார்டரை ஆன் செய்து, குக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்து, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஆளில்லாத வீட்டின் வெறும் ஒலியையும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். 65-ஆம் நொடியில் இசை நிற்கும்போது போடவேண்டியது அதைத்தான். ஒலியே இல்லாத வெற்று ட்ராக் போட்டால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று தோன்றும்.

மூன்று விசில் கேட்டவர் நாலாவதுக்குக் காத்திருப்பார். அந்தப் பத்து நொடியிலும் அது வராது. தலைப்பு வரும்போதும் வராது.

80-ஆம் நொடி. அவள் ஹாலில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், மூன்று விரல் மடங்கியிருக்கிறது, நாலாவது விரல் பாதியில். சமையலறையிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஆவி வெளியேறும் சத்தம். யாரோ கரண்டியால் வெயிட்டைத் தூக்கியிருக்கிறார்கள். அவள் திரும்பிப் பார்ப்பதற்கு முன் கட்.

தலைப்புக்கு அப்புறம் ஒரு அதிர்ச்சி என்ற வழக்கம் அப்படியே இருக்கிறது. பாய்ந்து வரும் முகம்தான் இல்லை. அண்ணன் சொன்னது பொய், அவளுக்குப் பிரமை இல்லை என்பதை அந்த ஒரு சத்தம் சொல்லிவிடுகிறது. (பதிவு செய்யும்போது நிஜமாகவே கரண்டியால்தான் தூக்கவேண்டும், முகத்தையும் கையையும் ஆவிக்குத் தள்ளி வைத்துக்கொண்டு.)

7. தலைப்பு

சிவப்பில் வழியும் எழுத்து வேண்டாம். பாத்திரக் கடையில் எவர்சில்வர் சாமான் வாங்கினால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார்கள். ஒரு டம்ளரில் 'நாலாவது விசில்' என்று வெட்டி வாங்குங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, மெதுவாகத் திருப்பி எடுங்கள்.

8. போட்டுக் காட்டுங்கள்

கதை தெரியாத ஐந்து பேரிடம், ஒவ்வொருவராக, ஒரே ஒரு முறை காட்டுங்கள். 60-ஆம் நொடியில் நிறுத்தி, "இதையெல்லாம் யார் செய்வது?" என்று கேளுங்கள். அவளேதான் என்று குறைந்தது மூன்று பேராவது சொல்லவேண்டும். சொல்லவில்லையென்றால் அண்ணனின் வரியை இன்னும் முன்னால் கொண்டுவாருங்கள், அம்மா குரலில் அந்த 'மறந்துடாதே' தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். மீதியை ஓடவிட்டு முடிந்ததும் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். பதில் மாறியிருந்தால் எக்ஸ்போர்ட் செய்துவிடலாம். மாறவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ஆவிச் சத்தத்தில்தான் இருக்கும். அது பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்கிறதா என்று ஹெட்ஃபோன் போட்டு ஒருமுறை பாருங்கள்.